பணியிடப் பிணக்குகளும் ஒரு முஃமினின் நாவும்

 



நாம் வாழும் இந்தப் பகுதி உழைப்பைத் தேடி வருவோரின் பகுதி. 1980ஆம் ஆண்டை ஒட்டி ஓசூரில் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அதே பத்தாண்டில் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இன்று சிப்காட் வளாகங்களின் வாயில்களில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இந்தியும் ஒரே வரிசையில் நின்று அட்டையைத் தேய்த்து உள்ளே செல்வதைக் காணலாம். நம் மஹல்லாக்களின் பிள்ளைகளும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்து அந்த வரிசையில் நிற்கின்றார்கள். பெண்மக்களும் நிற்கின்றார்கள்.

பிள்ளை வேலைக்குச் சேரும் நாளில் பெற்றோர் எதையெல்லாம் சொல்லி அனுப்புகின்றோம்? நேரத்திற்குப் போ, சாப்பாட்டை மறக்காதே, தொழுகையை விடாதே, இயந்திரத்தில் கவனமாயிரு என்கின்றோம். ஆனால் முதல் வாரத்திலேயே அவர்களைச் சந்திக்கும் ஒரு சோதனையைப் பற்றி நாம் சொல்லி அனுப்புவதில்லை. அதுதான் பிறருடைய பிணக்கு.

புதியவர் கேன்டீனில் தட்டோடு அமர்கிறார். அருகில் ஒருவர் வந்து அமர்ந்து அன்போடு ஊர், பெயர் விசாரிக்கிறார். பத்து நிமிடத்தில், "அந்த சூப்பர்வைசரிடம் ஜாக்கிரதையாக இருங்கள், அவர் ஆள் சரியில்லை" என்கிறார். மறுநாள் கம்பெனி பேருந்தில் இன்னொருவர், "நேற்று உங்களோடு சாப்பிட்டாரே, அவரை நம்பாதீர்கள்" என்கிறார். வேலை பழகுமுன்பே புதியவரின் காதில் இரண்டு வழக்குகள் பதிவாகிவிடுகின்றன. மாத இறுதிக்குள் அவர் யார் பக்கம் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

ஏன் புதியவரைத் தேடி வருகின்றார்கள்? பழையவர்களுக்குக் கதையின் இரு பக்கமும் தெரியும். அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. புதியவருக்குப் பழைய வரலாறு தெரியாது, அவருக்கு நட்பும் தேவை. ஆகவே அவரைத் தம் பக்கம் சேர்ப்பது எளிது. இது இன்று தோன்றிய நோயன்று. அல்லாஹ்வின் வேதமும் அண்ணலாரின் வாழ்வும் இதற்கு மிகத் தெளிவான வழியைக் காட்டுகின்றன.

மூஸா (அலை) அவர்களின் இரு ஊர்கள்

அல்கஸஸ் என்னும் 28ஆவது அத்தியாயத்தில் அல்லாஹ் நபி மூஸா (அலை) அவர்களின் இளமைக் கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றான். நகரத்து மக்கள் கவனமின்றி இருந்த வேளையில் அவர்கள் அங்கே நுழைந்தார்கள். இருவர் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர். ஒருவர் அவர்களுடைய கூட்டத்தார், மற்றவர் எதிர்க் கூட்டத்தார். தம் கூட்டத்தார் உதவிக்கு அழைத்தார். மூஸா (அலை) அவர்கள் மற்றவரை ஒரு குத்து விட்டார்கள். கொல்லும் நோக்கமே இல்லை. ஆயினும் அவர் இறந்துவிட்டார். உடனே மூஸா (அலை) அவர்கள் இது ஷைத்தானின் செயல் என்று உணர்ந்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோரினார்கள். அல்லாஹ்வும் மன்னித்தான். இனி ஒருபோதும் குற்றவாளிகளுக்குத் துணை நிற்கமாட்டேன் என்று அவர்கள் தம் இறைவனிடம் உறுதி கூறினார்கள்.

மறுநாள் காலை என்ன நடந்தது? முந்தைய நாள் உதவி கேட்ட அதே மனிதர் இன்னொருவரோடு சண்டையிட்டுக் கொண்டு மீண்டும் உதவிக்குக் குரல் கொடுத்தார்! அவரைப் பார்த்து, நீ தெளிவாகவே வழிதவறிய ஆள் என்று மூஸா (அலை) அவர்கள் கடிந்துரைத்தார்கள். அதன் பிறகு, நேற்று ஓர் உயிரைக் கொன்றது போல் இன்று என்னையும் கொல்லப் பார்க்கிறாயா என்ற சொல் வெளிப்பட்டது. நேற்று உதவி பெற்ற அந்த மனிதர்தாம் அச்சத்தில் இரகசியத்தை உடைத்துவிட்டார் என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் விளக்கம். மூஸா (அலை) அவர்கள் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! அநீதி இழைக்கப்பட்டவருக்கு உதவுவது நற்செயலே. ஆனால் நேற்றும் ஒரு சண்டை, இன்றும் ஒரு சண்டை என்று வாழ்பவர் எல்லாத் தொழிற்சாலைகளிலும் இருக்கின்றார். அவர் முதலில் அழைப்பது புதியவரைத்தான். நெருக்கடி வரும்போது முதலில் பெயர் சொல்லிக் காட்டுவதும் அந்தப் புதியவரைத்தான்.

அதே அத்தியாயத்தில் அடுத்த ஊர் வருகிறது. மத்யன் நகரின் நீர்நிலையில் மக்கள் கூட்டமாகக் கால்நடைகளுக்கு நீர் புகட்டுகின்றனர். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றனர். இங்கே மூஸா (அலை) அவர்கள் முதலில் செய்தது என்ன? அவர்களிடம் சென்று, உங்கள் விஷயம் என்ன என்று கேட்டார்கள். அவர்கள் விளக்கினார்கள். தந்தை முதியவர், மேய்ப்பர்கள் போகும்வரை எங்களால் நீர் புகட்ட இயலாது என்றார்கள். மூஸா (அலை) அவர்கள் நீர் புகட்டிக் கொடுத்தார்கள். யாரையும் ஏசவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நிழலுக்குத் திரும்பிச் சென்று தம் இறைவனிடம் கையேந்தினார்கள்.

முதல் ஊரில் கை முந்தியது. இரண்டாம் ஊரில் கேள்வி முந்தியது. இரண்டாம் ஊரில்தான் அவர்களுக்கு வேலையும் இருப்பிடமும் குடும்பமும் அமைந்தன. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தமும் ஆயிற்று. வேலைக்கு அமர்த்தப்படுபவருக்குரிய தகுதிகளாக அங்கே கூறப்பட்டவை இரண்டே: வலிமை, நம்பிக்கைக்குரிய தன்மை. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

தண்ணீரருகே இரு பணியாளர்கள்

அண்ணலார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே பணியாளர்களின் சிறு பிணக்கு ஒன்று ஒரு சமுதாயத்தையே பிளக்கப் பார்த்தது. ஹிஜ்ரி 5 அல்லது 6ஆம் ஆண்டில் பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்தின்போது முரைஸீஃ என்னும் நீர்நிலையருகே அது நடந்தது. உமர் (ரலி) அவர்களிடம் கூலிக்குப் பணிபுரிந்து அவர்களின் குதிரையை நடத்திச் சென்றவர் ஜஹ்ஜாஹ். அன்ஸாரிகளின் நேசக் கூட்டத்தைச் சேர்ந்தவர் ஸினான். தண்ணீர் எடுக்கும் நெரிசலில் இருவருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. ஒருவர் அன்ஸாரிகளே என்று குரலெழுப்பினார். மற்றவர் முஹாஜிர்களே என்று குரலெழுப்பினார். சற்று நேரத்தில் இரு தரப்பும் திரண்டன.

நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்து, இதென்ன அறியாமைக் காலத்து அழைப்பு என்று கண்டித்தார்கள். அதை விட்டுவிடுங்கள், அது துர்நாற்றம் வீசுவது என்றும் எச்சரித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

முஹாஜிர், அன்ஸார் என்பன இழிவான பெயர்களா? இல்லை. குர்ஆனே புகழ்ந்துரைத்த பெயர்கள். அந்தப் பெயர்களையும் நியாயம் கேளாமல் ஆள் திரட்டப் பயன்படுத்தியபோது அது ஜாஹிலிய்யத்தின் அழைப்பாகிவிட்டது. அவ்வாறாயின் நம் மாவட்டத்தான், நம் சாதிக்காரன், நம் மொழிக்காரன், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று கூப்பிட்டு ஆள் சேர்ப்பது எத்தகையது? "நம்ம பாய் நமக்குத்தானே பேச வேண்டும்" என்று கூறி ஒரு முஸ்லிமின் தவற்றுக்கு இன்னொரு முஸ்லிமைச் சாட்சியாக்குவதும் இதில் அடங்கும். தன் கூட்டத்தாருக்கு அநியாயத்தில் துணை நிற்பதே இனவெறி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கமளித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது புரியாத பாடமன்று. 2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. வாகனங்கள் நின்றுபோக, மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் அத்திப்பள்ளி எல்லையை நடந்தே கடந்தனர். நதி நீரைப் பங்கிடும் வழக்கில் அந்தப் பேருந்து ஓட்டுநர்களுக்கோ நடந்து வந்த தாய்மார்களுக்கோ எந்தப் பங்கும் இல்லை. கூட்டத்தின் பெயரால் அழைக்கும்போது குற்றமற்றவரே முதலில் அகப்படுகிறார்.

முரைஸீஃ நிகழ்ச்சி அதோடு முடியவில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுபோல் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இந்தச் சண்டையைப் பற்றிக்கொண்டான். மதீனா திரும்பியதும் கண்ணியமானவர் இழிந்தவரை வெளியேற்றுவார் என்று பேசினான். அல்முனாஃபிகூன் அத்தியாயத்தின் 8ஆவது வசனம் இதனைக் குறிப்பிடுகிறது. இரு பணியாளர்களின் தண்ணீர்ச் சண்டை அவனுக்கு ஒரு பொருட்டே அன்று. வெகுநாளாக அவன் நெஞ்சிலிருந்த பகைக்கு அது ஒரு வாய்ப்பு. பணியிடத்திலும் சண்டைக்காரர் இருவராயின், அதில் குளிர்காய்பவர் மூன்றாமவராகவே இருப்பார்.

அந்தப் பேச்சைத் தம் காதால் கேட்டவர் வயதில் இளையவரான ஸைத் பின் அர்கம் (ரலி). அவர்கள் அதைக் கூடாரம் கூடாரமாகச் சென்று பரப்பவில்லை. தம் சிறிய தந்தையிடம் கூறினார்கள், அவர் நபி (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார். நபியவர்கள் அழைத்துக் கேட்டபோது கேட்டதைக் கேட்டவாறே சொன்னார்கள். இப்னு உபை சத்தியம் செய்து மறுத்தான். மக்கள் ஸைதைக் குறை கூறினார்கள். அதுவரை கண்டிராத துயரத்தில் அவர்கள் வீட்டில் அமர்ந்துவிட்டார்கள். பிறகு வஹீ இறங்கி அவர்களின் உண்மையை அல்லாஹ்வே உறுதிப்படுத்தினான்.

இதில் நமக்கு ஒரு சட்டமே இருக்கிறது. தீமையை அறிவிக்க வேண்டிய நிலை வந்தால், பொறுப்புள்ளவரிடம் மட்டும், தம் காதால் கேட்டதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் அறிவிக்க வேண்டும். அதனால் சில நாள் பழி வந்தாலும் பொறுத்திருக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். வழக்கமாகப் பயணம் செய்யாத நேரத்தில் புறப்பட உத்தரவிட்டு, அன்று பகலும் இரவும் மறுநாள் வெயில் வருத்தும்வரையும் மக்களை நடத்திச் சென்றார்கள். இறங்கியவுடன் களைப்பில் எல்லோரும் உறங்கிவிட்டனர். முந்தைய நாள் பேச்சைப் பேச நேரமில்லாமல் போயிற்று. வதந்திக்கு மருந்து உழைப்பு என்பதை அண்ணலார் செயலால் கற்பித்தார்கள்.

ஒரு காதால் கேட்ட வழக்கு

அலி (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யமனுக்கு நீதிபதியாக அனுப்பினார்கள். தாம் இளைஞர், தீர்ப்பளிக்கும் அனுபவம் இல்லாதவர் என்று அலி (ரலி) அவர்கள் தயங்கினார்கள். புதுப் பொறுப்பு, புது ஊர்! நபியவர்கள் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று: வழக்காடும் இருவரும் உம் முன் அமர்ந்தால், முதலாமவரிடம் கேட்டது போலவே மற்றவரிடமும் கேட்காதவரை தீர்ப்பளிக்காதீர். அவ்வாறு செய்தால் தீர்ப்பு உமக்குத் தெளிவாகும். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது உள்ளது. அதன் பிறகு தாம் தீர்ப்பில் ஐயம் கொண்டதே இல்லை என்று அலி (ரலி) அவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள்.

நீதிபதியாக நியமிக்கப்பட்டவருக்கே இந்த நிபந்தனை என்றால், யாரும் நியமிக்காமல் கேன்டீன் மேசையில் நீதிபதியாகிவிடும் நம் நிலை என்ன? ஒருவர் கண்ணீரோடு சொல்வதால் அது முழு உண்மையாகிவிடாது. அவர் பொய்யே சொல்லாதிருக்கலாம். ஆனால் தாம் செய்ததை விட்டுவிட்டுத் தமக்குச் செய்யப்பட்டதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம், தீயவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. அதே அத்தியாயம் ஏளனம், பட்டப்பெயர், தீய எண்ணம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகியவற்றை வரிசையாகத் தடை செய்கிறது. பணியிடப் பகையின் படிகளே இவை. முதலில் மேலாளருக்கு ஒரு பட்டப்பெயர், பிறகு அவர் மீது ஒரு சந்தேகம், பிறகு அவர் எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார் என்ற வேவு, முடிவில் அவரது மானத்தையே மெல்லுதல்.

கோளும் புறமும்

நம் சகோதரர் வெறுப்பதை அவர் இல்லாதபோது கூறுவதே புறம் என்றும், அது அவரிடம் இருந்தால் புறம், இல்லாவிட்டால் அவதூறு என்றும் நபி (ஸல்) அவர்கள் இலக்கணம் வகுத்தார்கள் (முஸ்லிம்). "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது எனவே விடுதலைச் சொல் அன்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல் அது.

ஒருவரின் பேச்சைப் பகை மூட்டும் நோக்கில் மற்றவரிடம் கொண்டு சேர்ப்பது கோள். கோள் சொல்பவர் சுவனம் நுழையமாட்டார் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இவரிடம் ஒரு முகமும் அவரிடம் ஒரு முகமும் காட்டுபவரை மனிதர்களில் மிகக் கெட்டவர் என்று நபியவர்கள் குறிப்பிட்டார்கள். புதியவர்கள் அஞ்ச வேண்டிய இடம் இது. இரு தரப்பையும் திருப்திப்படுத்த வேண்டுமென்று இங்கேயும் தலையாட்டி, அங்கேயும் தலையாட்டுபவர் தாம் நடுநிலை வகிப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் இரு முகம் கொண்டவராக மாறிக்கொண்டிருக்கிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் கேடுகளைப் பற்றிய பகுதியில், நம்மிடம் ஒருவர் கோள் கொண்டுவந்தால் நாம் செய்ய வேண்டியவை ஆறு என்கின்றார்கள். ஒன்று, அவரை நம்பிவிடக் கூடாது. இரண்டு, அச்செயலைத் தடுத்து அவருக்கு நல்லுபதேசம் செய்ய வேண்டும். மூன்று, அல்லாஹ்வுக்காக அச்செயலை வெறுக்க வேண்டும். நான்கு, அங்கே இல்லாத சகோதரர் மீது தீய எண்ணம் கொள்ளக் கூடாது. ஐந்து, உண்மைதானா என்று துருவித் திரியக் கூடாது. ஆறு, "இன்னார் என்னிடம் இப்படிக் கோள் சொன்னார்" என்று நாமும் வேறிடத்தில் சொல்லித் திரியக் கூடாது. அவ்வாறு சொன்னால் நாமும் கோள் சொன்னவர் ஆகிவிடுவோம். இந்த ஆறாவதில்தான் தொழுகையாளிகளும் தவறிவிடுகின்றோம்.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து மற்றொருவரைப் பற்றிக் குறை கூறினார். கலீஃபா அவர்கள் அவருக்கு மூன்று வழிகளை வைத்தார்கள். விசாரிப்போம், நீர் பொய்யரானால் ஹுஜுராத் அத்தியாயம் கூறும் தீயவர் நீர். உண்மையாளரானால் அல்கலம் அத்தியாயம் கண்டிக்கும் கோள்காரர் நீர். விரும்பினால் மன்னித்து விட்டுவிடுவோம் என்றார்கள். வந்தவர் மன்னிப்பையே தேர்ந்தெடுத்தார், இனிச் செய்வதில்லை என்றும் வாக்களித்தார்.

இக்காலத்தில் கோளுக்குக் கால்கள் தேவையில்லை, கைபேசி போதும். ஒருவர் நம்பிக்கையோடு அனுப்பிய குரல் பதிவைக் குழுவில் போடுவதும், தனி உரையாடலைப் படமெடுத்து மற்றவருக்கு அனுப்புவதும் கோளின் இன்றைய வடிவங்களே. வாயால் சொன்னதை மறுக்க முடியும். கைபேசியில் அனுப்பியது நம் பெயரோடும் நேரத்தோடும் நிற்கிறது. மறுமையின் ஏட்டிலும் அவ்வாறே நிற்கிறது.

ஒரு வாய்த்தகராறின் விலை

ஹரியானா மாநிலம் மானேசரில் ஒரு கார் தொழிற்சாலையில் 2012 ஜூலை 18ஆம் நாள் நடந்ததை நாடே அறியும். காலையில் ஒரு தொழிலாளிக்கும் ஒரு சூப்பர்வைசருக்கும் இடையே எழுந்த தகராறு மாலைக்குள் பெரும் கலவரமாயிற்று. மனிதவளப் பிரிவின் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். 148 பேர் மீது வழக்கு நடந்தது. 2017 மார்ச்சில் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, அவர்களுள் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 117 பேரை விடுவித்தது.

அந்த 117 என்ற எண்ணைச் சற்றே சிந்தியுங்கள். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்த பிறகே குற்றமற்றவர்கள் என்ற சொல்லைக் கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களின் தாய்மார் என்ன உண்டார்கள்? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்? அந்தத் தொழிலாளர்களுக்கு நெடுநாளாகக் குறைகள் இருந்தன என்பதும் உண்மையே. குறை இருப்பது வேறு, சினத்தின் கூட்டத்தில் கலந்துவிடுவது வேறு. குறைக்கு வழி உண்டு. கூட்டத்தின் கைக்கு வழி தெரியாது.

மௌனம் பாவமாகும் இடம்

அவ்வாறாயின் எது நடந்தாலும் வாய்மூடி இருப்பதுதான் இஸ்லாமா? அன்று, அல்லாஹ்வின் அடியார்களே! சகோதரர் அநீதி இழைத்தாலும் அநீதிக்கு உள்ளானாலும் அவருக்கு உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அநீதி இழைப்பவருக்கு எவ்வாறு உதவுவது என்று கேட்கப்பட்டபோது, அநீதியிலிருந்து அவரைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்றார்கள் (புகாரி). அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கக் கட்டளையிடுகிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என்று அல்பகரா 283 கூறுகிறது.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ்ஸாலிஹீனில், பிறர் குறையைக் கூற அனுமதிக்கப்பட்ட ஆறு இடங்களை வகுத்துள்ளார்கள். தமக்கு நேர்ந்த அநீதியை அதிகாரமுடையவரிடம் முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி கேட்பது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூஸுஃப்யான் (ரலி) போதிய செலவுத் தொகை தருவதில்லை என்று நபியவர்களிடம் கூறித் தீர்வு கேட்டார்கள். நபியவர்கள் அதைப் புறம் என்று தடுக்கவில்லை, வழி சொன்னார்கள்.

எனவே இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தால் சொல்லுங்கள். ஊதியம் பிடிக்கப்பட்டால் கேளுங்கள். ஒருவரை அநியாயமாகத் தாக்குவதைக் கண்டால் விசாரணையில் கண்டதைக் கூறுங்கள். நியாயமான உரிமைக்குச் சங்கத்தில் சேருவதும் இதில் தடுக்கப்பட்டதன்று.

நாட்டின் சட்டமும் இதற்கு வாசல் வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத்தரப்பும் தொழிலாளர்தரப்பும் அதில் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் எல்லா இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும். பொதுவாக 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். நம் பெண்மக்கள் இதை அறிந்திருக்க வேண்டும். மானத்திற்குப் பயந்து வாய்மூடியிருக்குமாறு அவர்களிடம் சொல்வது பொறுமையைக் கற்பிப்பதாகாது. அநீதிக்குத் துணை போவதாகும்.

புறத்திற்கும் முறையீட்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய அளவுகோல் உண்டு. நான் சொல்லும் இந்த மனிதரால் அந்தக் குறையைத் தீர்க்க முடியுமா? முடியுமென்றால் அது முறையீடு. முடியாதவரிடம், மனம் ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் சொன்னால் அது புறம்.

புதிதாகச் செல்வோருக்கு

அன்பு இளைஞர்களே! சகோதரிகளே! முதல் சில மாதங்களுக்கு இவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் முகமலர்ச்சியோடு முகமன் கூறுங்கள். இரு தரப்பாரோடும் வேலை தொடர்பாகத் தாராளமாகப் பேசுங்கள். ஒதுங்கிக்கொள்வது நடுநிலையாகாது, அது ஆணவமாகத் தோன்றும். இல்லாதவரைப் பற்றிப் பேச்சு தொடங்கினால், "நான் புதியவன் அண்ணா, எனக்கு இரண்டு பேரையும் தெரியாது. வேலையைச் சொல்லிக் கொடுங்கள்" என்று பணிவோடு கூறி விடுங்கள். மேலும் வற்புறுத்தினால், "அவரையும் வைத்துக்கொண்டு பேசலாமே" என்று சொல்லுங்கள். பெரும்பாலான கோள்கள் அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிடும்.

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நல்ல எண்ணத்தோடும் கொண்டு செல்லாதீர்கள். ஜும்ஆவிற்கு அனுமதி தேவையென்றால் உங்கள் பொறுப்பாளரிடம் நேரில் நீங்களே கேளுங்கள். அவருடைய எதிரிகளைத் துணைக்கு அழைத்துச் சென்றால், தொழுகைக்கான கோரிக்கையும் கோஷ்டிச் சண்டையாகிவிடும். உங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்யுங்கள். நம்பிக்கைக்குரியவர் என்று பெயரெடுத்தவரை எந்தத் தரப்பும் எளிதில் இழுக்க முடியாது.

குடும்பத்தாருக்கும் மூத்தவர்களுக்கும்

பெற்றோர்களே! மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "யார் என்ன சொன்னார்கள்? நீ என்ன பதில் சொன்னாய்?" என்று கேட்டுக் கேட்டு நெருப்பை ஊதாதீர்கள். "விட்டுக்கொடுக்காதே, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வா" என்று அடுப்படியிலிருந்து வரும் ஒரு சொல், மறுநாள் பணியிடத்தில் வேலையையே பறித்துவிடக்கூடும். பிள்ளை மனம் நொந்து ஆலோசனை கேட்டால் பெயரில்லாமல் சம்பவத்தைக் கேட்டு வழி சொல்லுங்கள். பெயர் தெரிய வேண்டிய தேவை நமக்கில்லை.

பல்லாண்டு அனுபவமுள்ள சகோதரர்களே! புதிதாக வருபவர் உங்களிடம் ஓர் அமானிதம். உங்கள் பழைய பகையை அவருடைய புதிய உள்ளத்தில் நடாதீர்கள். உங்களால் முடிந்தால் பிணங்கியவர்களைச் சேர்த்து வையுங்கள். நோன்பு, தொழுகை, தர்மம் ஆகியவற்றின் தகுதியை விடவும் சிறந்தது மக்களிடையே இணக்கம் ஏற்படுத்துவது என்றும், பிணக்கோ மார்க்கத்தையே மழித்துவிடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. இணக்கத்திற்காக ஒருவரின் நல்ல சொல்லை மற்றவரிடம் எடுத்துச் செல்பவர் பொய்யர் ஆகமாட்டார் என்றும் நபியவர்கள் கூறினார்கள். கோள் சொல்பவரும் சொல்லைச் சுமந்து செல்கிறார், சமாதானம் செய்பவரும் சொல்லைச் சுமந்து செல்கிறார். ஒருவர் கப்ரின் வேதனையைச் சுமக்கிறார். மற்றவர் நன்மையைச் சுமக்கிறார்.

நாம் ஈட்டும் ஊதியம் ஹலாலாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகின்றோம். அந்த ஊதியத்தை ஈட்டும் எட்டு மணி நேரத்தில் நம் நாவிலிருந்து புறப்பட்ட சொற்களும் ஹலாலாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுவோமாக!

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! எங்கள் காதுகளைக் கோளிலிருந்தும், நாவுகளைப் புறத்திலிருந்தும், கைகளை அநீதியிலிருந்தும் காப்பாயாக! அநீதிக்கு உள்ளானவருக்குச் சாட்சி சொல்லும் துணிவையும், பிணங்கியவரை இணைக்கும் பண்பையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! பல மொழி பேசும் மக்கள் கலந்து வாழும் எங்கள் ஊர்களில் அமைதியை நிலைபெறச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!